கடனையும் குறைத்து, பசுமை முதலீடும் செய்ய ஐரோப்பாவால் முடியுமா?

கேள்வி இதுதான்: "ஐரோப்பிய ஒன்றியம் ஒரு பக்கம் உறுப்பு நாடுகளிடம் கடனைக் குறை என்கிறது. மறுபக்கம் காலநிலைக்கும் ராணுவத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் முதலீடு செய் என்கிறது. இது முரண் இல்லையா? யார், எப்படி இதைக் கண்காணிக்கிறார்கள்?"

முரண்தான். ஆனால் அது கொள்கையில் இருப்பதைவிடக் கணக்கு எழுதும் விதத்தில்தான் அதிகம் இருக்கிறது. ஒன்றியத்தின் சொந்த பட்ஜெட், 27 நாடுகளின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ 1 சதவீதம். அந்த நாடுகளின் அரசுகள் செலவழிப்பதோ ஜிடிபியில் கிட்டத்தட்டப் பாதி. இலக்கை எழுதுவது ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ். பணப்பெட்டி இருப்பது பாரிஸிலும் ரோமிலும் வார்சாவிலும். ஆகவே 2030, 2050 என்று எந்த இலக்கு வைத்தாலும் அது அந்தந்த நாட்டு பட்ஜெட் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த வழியில் பட்ஜெட்டை எடைபோட ஒரு தராசு, அதாவது நிதி விதிகள், வைத்திருக்கிறார்கள். அதில் எதை ஏற்றுகிறார்கள், எதை ஏற்றாமல் விடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் பழைய தராசு. 1992 மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் இரண்டு எண்களைத் தந்தது: பற்றாக்குறை ஜிடிபியில் 3 சதவீதத்துக்குள், கடன் 60 சதவீதத்துக்குள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதற்குப் பின்னால் ஓர் எளிய கணக்கு உண்டு. விலைவாசி உயர்வையும் சேர்த்து ஜிடிபி ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்ந்தால், 3 சதவீதப் பற்றாக்குறை வைக்கும் நாட்டின் கடன் காலப்போக்கில் 60 சதவீதத்தை ஒட்டி நிற்கும். வளர்ச்சி 3 சதவீதமாக இறங்கினால் அதே பற்றாக்குறை கடனை 100 சதவீதத்துக்குக் கொண்டுபோய்விடும். ஐரோப்பாவின் வளர்ச்சி இறங்கிவிட்டது. எண்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவை ஒப்பந்தத்தின் இணைப்பில் இருக்கின்றன, மாற்ற 27 நாடுகளும் ஒப்ப வேண்டும்.

இந்த விதியை முதலில் வளைத்தவை பெரிய நாடுகள்தான். 2003இல் ஜெர்மனியும் பிரான்சும் 3 சதவீதத்தைத் தாண்டியபோது, நிதியமைச்சர்கள் நவம்பரில் நடவடிக்கையைக் கிடப்பில் போட்டார்கள். 2004 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. 2005இல் விதியையே தளர்த்தினார்கள். பற்றாக்குறைக்காக அபராதம் கட்டிய நாடு இன்றுவரை ஒன்றுகூட இல்லை. ஸ்பெயின் 2015இல் சுமார் 1.9 கோடி யூரோ அபராதம் வாங்கியது, ஆனால் அது வலென்சியா மாநிலத்தின் மருத்துவச் செலவுக் கணக்கைத் தவறாகக் காட்டியதற்காக. அதிகமாகச் செலவழித்தால் தப்பலாம், கணக்கை மாற்றி எழுதினால் தப்ப முடியாது.

யூரோ நெருக்கடிக்குப் பிறகு 2011இல் விதி இறுகியது: 60 சதவீதத்துக்கு மேல் இருக்கும் கடனில் இருபதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் குறைக்க வேண்டும். கடன் 135 சதவீதம் உள்ள இத்தாலிக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 75ஐ 20ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 3.75 புள்ளி. எந்த ஜனநாயக அரசும் அதைச் செய்து பதவியில் நீடிக்காது. அதனால் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையமும் அதைக் கண்டிப்பாகக் கேட்கவில்லை. இன்னொரு குறை, 'கட்டமைப்புப் பற்றாக்குறை' என்ற அளவுகோல். பொருளாதாரம் தன் முழுத் திறனில் ஓடினால் பற்றாக்குறை எவ்வளவு இருக்கும் என்பதே அது. முழுத் திறனை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. மதிப்பிடத்தான் முடியும், மதிப்பீடும் சில ஆண்டுகளில் திருத்தப்படும். இன்று 'தேறியவர்' என்று சொன்ன அரசை நாளைக்கு 'தவறியவர்' என்று சொல்ல வேண்டி வரும்.

கோவிட் வந்ததும் 2020 மார்ச்சில் விதிகளை நிறுத்தி வைத்தார்கள். 2023 கடைசி வரை அப்படியே. 2024 ஏப்ரல் 30 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. இப்போதைய தராசு இதுதான்.

ஒவ்வொரு நாடும் 4 அல்லது 5 ஆண்டுக்கு ஒரு திட்டம் தருகிறது. கடனைச் சரிவுப் பாதையில் வைக்க ஆணையம் தரும் கால அளவு 4 ஆண்டு. சீர்திருத்தங்களையும் முதலீடுகளையும் எழுத்தில் உறுதி செய்தால் 7 ஆண்டு. அப்படி நீட்டிப்பு கேட்கும் நாடு, சொந்தப் பணத்தில் செய்யும் பொது முதலீட்டைத் திட்டத்துக்கு முந்தைய அளவுக்குக் கீழே இறக்கக் கூடாது. முதல் சுற்றிலேயே பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், பின்லாந்து, ருமேனியா ஆகியவை 7 ஆண்டு கேட்டு வாங்கின. கடன் 90 சதவீதத்துக்கு மேல் என்றால் சராசரியாக ஆண்டுக்கு 1 புள்ளி, 60க்கும் 90க்கும் இடையில் என்றால் அரைப் புள்ளி குறைய வேண்டும் என்ற கூடுதல் நிபந்தனையும் உண்டு. இது ஜெர்மனி கேட்டுச் சேர்த்தது.

ஆண்டுதோறும் பார்ப்பது ஒரே ஓர் எண்ணை: நிகரச் செலவு எவ்வளவு வளர்ந்தது என்பதை. அதைக் கணக்கிடும் விதம் ஒரு கற்பனை நாட்டை வைத்தால் தெளிவாகும். ஜிடிபி 1,00,000 கோடி யூரோ. அரசின் மொத்தச் செலவு 50,000 கோடி. இதிலிருந்து கழிக்க வேண்டியவை: வட்டி 3,000 கோடி, ஒன்றியத்தின் பணத்தில் நடக்கும் திட்டங்கள் 1,000 கோடி, அந்தத் திட்டங்களுக்கு நாடு போடும் பங்கு 500 கோடி, மந்தநிலையால் கூடிய வேலையில்லாதோர் உதவித்தொகை 300 கோடி, ஒருமுறைச் செலவு 200 கோடி. மிச்சம் 45,000 கோடி. உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் மன்றம் இந்த நாட்டுக்கு 2.5 சதவீத வளர்ச்சியை அனுமதித்திருக்கிறது என்றால், அடுத்த ஆண்டு கூட்டக்கூடியது 1,125 கோடி.

இப்போது அரசு 400 கோடிக்கு வருமான வரிச் சலுகை தருகிறது என்று வையுங்கள். அது செலவாகவே எழுதப்படும். மிஞ்சுவது 725 கோடி. புதிய வரி போட்டால் அந்த அளவுக்குக் கூடுதலாகச் செலவழிக்கலாம். ஆனால் விலைவாசி ஏறியதால் வரி வசூல் தானாகக் கூடினால் அது கணக்கில் சேராது. இந்த இடத்தில்தான் நிதியமைச்சர்கள் பலரும் சறுக்குகிறார்கள். வசூல் நன்றாக இருக்கிறதே என்று அள்ளிக் கொடுத்தால், பற்றாக்குறை நன்றாகத் தெரிந்தாலும் நிகரச் செலவில் வரம்பு மீறல் பதிவாகிவிடும்.

மீறல் 'கட்டுப்பாட்டுக் கணக்கு' என்ற பேரேட்டில் ஏறும். ஓர் ஆண்டில் ஜிடிபியில் 0.3 சதவீதமோ, சேர்த்துப் பார்த்தால் 0.6 சதவீதமோ தாண்டினால், கடன் 60 சதவீதத்துக்கு மேல் உள்ள, பட்ஜெட் சமநிலைக்கு அருகிலும் இல்லாத நாட்டைப் பற்றி ஆணையம் அறிக்கை தயாரிக்க வேண்டும். நம் கற்பனை நாடு வரி எதையும் தொடாமல் 1,500 கோடி கூட்டியிருந்தால் மீறல் 375 கோடி, அதாவது ஜிடிபியில் 0.375 சதவீதம். மணி அடித்துவிடும். அடுத்த கட்டம் மிகைப் பற்றாக்குறை நடவடிக்கை. அதில் மாட்டினால் ஆண்டுக்குக் குறைந்தது ஜிடிபியில் அரை சதவீதம் சரிசெய்ய வேண்டும். திருந்தாவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜிடிபியில் 0.05 சதவீதம் வரை அபராதம். தொகையைச் சிறிதாக்கியது வேண்டுமென்றேதான்: பழைய அபராதம் பெரிதாக இருந்ததால் விதிக்கவே யாருக்கும் துணிவு வரவில்லை. 2024 ஜூலையில் பிரான்ஸ், இத்தாலி, பெல்ஜியம், போலந்து, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, மால்டா ஆகிய ஏழு நாடுகள் மீது நடவடிக்கை தொடங்கியது. ருமேனியா 2020 முதலே அதில் இருக்கிறது.

சரி, இதில் பசுமை முதலீடு எங்கே? கழிக்கும் பட்டியலை மறுபடி பாருங்கள். இல்லை. புதிய ரயில் பாதையும் அமைச்சரின் கார் பெட்ரோலும் தராசில் ஒரே எடைதான். நடைமுறையில் ரயில் பாதைக்குத்தான் ஆபத்து அதிகம். சம்பளமும் ஓய்வூதியமும் சட்டத்தில் எழுதியிருக்கின்றன. வெட்டினால் மறுநாள் தெருவில் ஊர்வலம். டெண்டர் விடாத பாலத்துக்கு ஊர்வலம் போக ஆள் கிடையாது. 2010களில் நடந்தது இதுதான்: யூரோ மண்டலத்தில் தேய்மானத்தைக் கழித்த நிகரப் பொது முதலீடு பல ஆண்டுகள் பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தது.

'முதலீட்டை மட்டும் தராசிலிருந்து இறக்கிவிடலாமே' என்பது பழைய யோசனை. தங்க விதி என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். முதலீடு என்று எதை ஏற்பது என்ற இடத்தில் அது இடறும். இத்தாலியின் 'சூப்பர்போனஸ்' இதற்கு நல்ல பாடம். 2020இல் வந்த திட்டம்: வீட்டை மின்சிக்கனமாக மாற்றினால் ஆன செலவில் 110 சதவீதம் வரிக்கழிவு. அந்தக் கழிவை வங்கிக்கோ ஒப்பந்ததாரருக்கோ கைமாற்றியும் விடலாம். வீட்டுக்காரர் கையிலிருந்து ஒரு காசு போகாது என்றால் பேரம் பேச அவருக்கு என்ன அவசியம்? விலைகள் ஏறின, போலி வேலைகளும் கிளம்பின, மொத்தச் செலவு 12,000 கோடி யூரோவைத் தாண்டியது. 2023இல் இத்தாலியின் பற்றாக்குறை 7 சதவீதத்துக்கு மேல் போனதற்கு இது முக்கியக் காரணம். நோக்கம் பசுமைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தங்க விதி இருந்திருந்தால் இந்த முழுத் தொகையும் தராசுக்கு வெளியே நின்றிருக்கும். நிறுத்தச் சொல்லும் மணியும் அடித்திருக்காது. செலவில் ஒரு பங்கையாவது பயனாளி தன் கையிலிருந்து போட வேண்டும், வரிக்கழிவுக்கு ஆண்டு உச்சவரம்பு வேண்டும். இந்த இரண்டும் இல்லாத எந்த மானியத் திட்டமும் இந்த வழியில்தான் போகும்.

தராசில் ஏறாத ஒரே பெரிய வழி ஒன்றியம் தரும் மானியப் பணம். அதனால்தான் 2020 ஜூலை முடிவு அவ்வளவு பெரிதாகப் பேசப்பட்டது: 27 நாடுகளும் சேர்ந்து 75,000 கோடி யூரோ கடன் வாங்கலாம், 39,000 கோடி மானியமாக, 36,000 கோடி கடனாக. இதில் பெரும்பகுதி, கோவிட் அடியிலிருந்து மீள்வதற்கான மீட்பு நிதியாக நாடுகளுக்குப் போனது. ஒவ்வொரு திட்டத்திலும் 37 சதவீதம் காலநிலைக்கு, 20 சதவீதம் டிஜிட்டலுக்கு என்று கட்டாயம்.

மீட்பு நிதி வேலை செய்யும் விதம் வழக்கமான மானியம் போல அல்ல. பில் கேட்க மாட்டார்கள். 'இந்தச் சட்டம் நிறைவேறியது', 'இத்தனை மாணவர் விடுதிப் படுக்கைகளுக்கு ஒப்பந்தம் ஆனது' என்று முன்கூட்டி எழுதிய மைல்கற்களைத் தாண்டினால் தவணை வரும். இத்தாலி 2022 டிசம்பர் கடைசியில் மூன்றாம் தவணைக்கு 1,900 கோடி கேட்டது. ஆணையம் மாணவர் விடுதி இலக்கில் சிக்கலைக் கண்டது. ஃபுளோரன்ஸ், வெனிஸ் நகரங்களின் விளையாட்டரங்கங்கள் இந்த நிதிக்குள் எப்படி வந்தன என்றும் கேட்டது. அரங்கங்கள் நீக்கப்பட்டன, விடுதி இலக்கு அடுத்த தவணைக்குத் தள்ளப்பட்டது, 1,850 கோடி 2023 அக்டோபரில் வந்து சேர்ந்தது. இழுபறிதான், ஆனால் கேள்வி கேட்கும் இடம் ஒன்று இருந்தது. குறை எங்கே என்றால், மைல்கல் தாண்டுவது வேறு, பலன் கிடைப்பது வேறு. ஒப்பந்தம் கையெழுத்தானதும் பணம் வரும். படுக்கையில் மாணவர் தூங்குகிறாரா என்பது கணக்கில் வராது. ஒன்றியத்தின் தணிக்கை மன்றம் திரும்பத் திரும்பச் சுட்டிய குறை இது. இன்னொன்று: பணம் தலைநகருக்கு வருகிறது, வேலை நடப்பது நகராட்சியில். பொறியாளர் பற்றாக்குறை உள்ள தென் இத்தாலிய நகராட்சிக்கு நிதி ஒதுக்கீடு மட்டும் போதாது.

மைல்கற்களுக்குக் கடைசி நாள் 2026 ஆகஸ்ட் 31, பணம் பட்டுவாடா ஆண்டு இறுதிக்குள். அதன் பிறகு 2028 முதல் 2058 வரை அசலைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதாவது தராசுக்கு வெளியே இருந்த முதலீடு 2027இல் ஒன்று நின்றுபோகும், அல்லது நாட்டு பட்ஜெட்டுக்குள் வந்து தராசில் ஏறும்.

ராணுவத்துக்கு மட்டும் தனி வாசல் திறந்தார்கள். 2025 முதல் 2028 வரை ஜிடிபியில் 1.5 சதவீதம் வரை கூடுதல் பாதுகாப்புச் செலவை மீறலாகக் கொள்ள மாட்டார்கள். ஜெர்மனி உட்படப் பல நாடுகள் அதைக் கேட்டு வாங்கின. பிரான்சும் இத்தாலியும் ஸ்பெயினும் 2025இல் கேட்கவில்லை. காரணம் எளிது. விதிவிலக்கு என்பது அனுமதி, பணம் அல்ல. கடன் பத்திரம் விற்று வட்டி கட்ட வேண்டியது அந்த நாடுதான். வட்டியை நிர்ணயிப்பது பிரஸ்ஸல்ஸ் இல்லை. ஜெர்மனியின் நிலை தலைகீழ். அங்கே கடன் 60 சதவீதத்தைச் சற்றே தாண்டியதுதான், ஆனால் 2009இல் அரசியல் சாசனத்தில் எழுதிய 'கடன் தடை' ஐரோப்பிய விதியைவிடக் கடுமை: மத்திய அரசின் கட்டமைப்புப் பற்றாக்குறை ஜிடிபியில் 0.35 சதவீதத்துக்குள். 2023 நவம்பர் 15 அன்று அரசியல் சாசன நீதிமன்றம், கோவிட்டுக்கென ஒதுக்கிய 6,000 கோடி யூரோவைக் காலநிலை நிதிக்கு மாற்றியதைச் செல்லாது என்றது. 2025 மார்ச்சில் சாசனத்தையே திருத்தி, உள்கட்டமைப்புக்கு 12 ஆண்டுகளில் 50,000 கோடி யூரோ ஒதுக்கினார்கள். அதில் 10,000 கோடி காலநிலை நிதிக்கு. கடன் வாங்க இடம் உள்ள நாடு வாங்குகிறது. முதலீடு அதிகம் தேவைப்படும் நாட்டுக்கு அந்த இடம் இல்லை. ஒன்றியத்தின் வளர்ச்சி ஏற்றத்தாழ்வோடு போவதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

பட்ஜெட்டைத் தொடாமலே வேலை செய்யும் கருவி ஒன்று உண்டு: கார்பன் விலை. 2005இல் தொடங்கிய உமிழ்வு வணிகத்தில், ஆலைகள் வெளியிடும் ஒவ்வொரு டன் கார்பனுக்கும் ஓர் உரிமம் வேண்டும். மொத்த உரிமங்களுக்கு உச்சவரம்பு வைத்து ஆண்டுதோறும் குறைக்கிறார்கள். 2024 முதல் 4.3 சதவீதம், 2028 முதல் 4.4. ஆரம்பத்தில் உரிமங்களை அள்ளி விட்டதால் 2013இல் விலை டன்னுக்கு 5 யூரோவுக்கும் கீழே போனது. உபரி உரிமங்களைச் சந்தையிலிருந்து உறிஞ்சும் இருப்பு 2019இல் வரப்போகிறது என்று உறுதியான பிறகுதான் விலைக்கு உயிர் வந்தது. 2023 பிப்ரவரியில் 100 யூரோவைத் தொட்டது. இந்த வசூலை முழுவதும் காலநிலை வேலைகளுக்கே செலவிட வேண்டும் என்பது 2023 திருத்தம்.

விலை ஏறினால் ஆலைகள் வெளிநாட்டுக்கு ஓடிவிடும் என்ற பயத்தில் எஃகு, சிமென்ட் ஆலைகளுக்கு இலவச உரிமம் தந்துகொண்டிருந்தார்கள். அதை 2026இல் 2.5 சதவீதம், 2030இல் 48.5, 2034இல் 100 என்று படிப்படியாக நிறுத்திவிட்டு, அதற்கு ஈடாக இறக்குமதிக்கு எல்லைக் கார்பன் கட்டணம் வைத்திருக்கிறார்கள். நம் ஊருக்கு நேரடித் தொடர்பு இங்கேதான். திருப்பூர் பின்னலாடை இதில் வராது. இரும்பு போல்ட், நட், திருகு வரும். ஒரு டன் போல்ட்டில் 2 டன் கார்பன், இலவச உரிமத்தைக் கணக்கிடும் அளவுகோல் 1.4 டன், விலை 75 யூரோ என்று வைத்துக்கொண்டால், முதல் ஆண்டில் கட்டணம் 2லிருந்து 1.365ஐ (1.4இல் 97.5 சதவீதம்) கழித்த 0.635 டன்னுக்கு, ஏறத்தாழ 48 யூரோ. 2034இல் முழு 2 டன்னுக்கும், 150 யூரோ. கட்டுவது அங்குள்ள இறக்குமதியாளர், ஆனால் அவர் அதை விலைப் பேரத்தில் இங்கே தள்ளுவார். சிறு பட்டறைகளுக்கு உண்மையான தலைவலி கட்டணத்தைவிட ஆவணம்: போல்ட் பட்டறையின் சொந்த உமிழ்வு சொற்பம், கம்பி உருக்கிய ஆலையின் எண்தான் பெரியது. அதைச் சப்ளையரிடம் எழுத்தில் வாங்காவிட்டால் ஒன்றியம் நிர்ணயித்த இயல்புநிலை மதிப்பைப் போடுவார்கள், அது பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். ஆண்டுக்கு 50 டன் விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் அது இறக்குமதியாளர் ஒருவருக்கு மொத்தமாக, உங்கள் சரக்குக்கு மட்டும் அல்ல.

வரியில் கைவைக்கும்போது மட்டும் ஒன்றியம் அப்படியே நின்றுவிடுகிறது. வரிக்கு 27 நாடுகளும் ஒருமனதாக ஒப்ப வேண்டும். எரிபொருள் குறைந்தபட்ச வரிச் சட்டம் 2003இல் எழுதியது. டீசலுக்கு லிட்டருக்கு 33 சென்ட், பெட்ரோலுக்கு 35.9 சென்ட் என்ற குறைந்தபட்ச வரி அப்போது வைத்ததுதான். விமான எரிபொருளுக்கு விலக்கும் அதில் உண்டு. திருத்த முன்மொழிவு 2021இல் வந்து, ஆண்டுக்கணக்கில் நகராமல் கிடந்தது.

ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் மரியோ திராகி 2024 செப்டம்பர் அறிக்கையில் ஆண்டுக்குக் கூடுதலாக 75,000 முதல் 80,000 கோடி யூரோ முதலீடு வேண்டும் என்றார், ஜிடிபியில் 4.4 முதல் 4.7 சதவீதம். இதில் பெரும்பகுதி தனியாரிடமிருந்துதான் வர வேண்டும், அதற்கு ஐரோப்பியர்களின் சேமிப்பு வங்கி வைப்பிலிருந்து மூலதனச் சந்தைக்கு நகர வேண்டும். திவால் சட்டமும் பங்கு வரியும் 27 விதமாக இருக்கும்வரை அது மெதுவாகத்தான் நடக்கும். 2028 முதல் 2034 வரைக்கான பட்ஜெட்டை ஆணையம் 2025 ஜூலையில் முன்வைத்தது: கிட்டத்தட்ட 2 லட்சம் கோடி யூரோ, வருமானத்தில் 1.26 சதவீதம். பழைய கடனைத் திருப்பிக் கட்டுவதும் அதற்குள்ளேயே அடக்கம் என்பதால், கூடுதலாகத் தெரியும் பங்கு பார்வைக்குத்தான் பெரிது.

இதைத் தொடர்ந்து கவனிக்க விரும்புபவர்கள் இரண்டு ஆவணங்களைப் பார்த்தால் போதும். ஏப்ரல் 30க்குள் ஒவ்வொரு நாடும் தரும் முன்னேற்ற அறிக்கை. அக்டோபர் 15க்குள் யூரோ நாடுகள் தரும் பட்ஜெட் வரைவு. முதலாவதில் நிகரச் செலவின் அனுமதித்த வளர்ச்சியையும் நடந்த வளர்ச்சியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவதில் பொது முதலீடு என்ற வரிசையில், ஒன்றியப் பணம் எவ்வளவு, சொந்தப் பணம் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். மீட்பு நிதி இல்லாத முதல் முழு ஆண்டு 2027. அதற்கான வரைவு வருவது 2026 அக்டோபரில்.